கல்கத்தாவிலிருந்து ஒரு ஹெரால்டு

திருவண்ணாமலையில், வேட்டவலம் சாலையிலுள்ள ஒரு பட்டறையில் பேரனுடைய மோட்டார் சைக்கிளைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு, வாசலில் கிடந்த பழைய லாரி டயரின்மேல் உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஒரு டிராக்டரின் அடியில் மல்லாந்து கிடந்த ஆள் கியர் ஆயில் டப்பாவைத் திறந்தான். கந்தகம் கலந்த அந்தக் காட்டமான நெடி மூக்கில் ஏறியதுதான் தாமதம், எங்கள் வீட்டு வண்டிக் கொட்டகையும், அதிலே நின்ற தந்த வர்ண ஹெரால்டு காரும், அதன் முன்சக்கரத்தருகே கோணிச் சாக்கை விரித்துப் படுத்திருந்த மேஸ்திரியின் எண்ணெய்ப் பிசுக்கேறிய காக்கி நிஜாரும் ஒருசேர என் முன்னே வந்து நின்றன. மற்றவர்களுக்கு மல்லிகைப் பூவும் ஊதுவத்தியும் செய்கிற காரியத்தை எனக்கு இந்தத் துர்நாற்றம் செய்கிறது. ரசனைக் குறைவு என்பது என் மனைவியின் அபிப்பிராயம்.

அன்றைக்கு அந்த நெடி அவ்வளவு துரிதமாக வேலை செய்ததற்கு வேறொரு முகாந்திரமும் இருந்தது. கல்கத்தாவில் உத்தியோகம் பார்க்கும் என் தம்பி மகன், பாலிகஞ்ச் பக்கத்துப் பழைய வீடு ஒன்றின் போர்ட்டிகோவில் நின்ற காரொன்றைப் படம் பிடித்துக் கைபேசியில் அனுப்பியிருந்தான். ஸ்டாண்டர்டு ஹெரால்டு, இரண்டு கதவு, எங்கள் வண்டியின் அதே தந்த வர்ணம். "பெரியப்பா, தாத்தா வச்சிருந்த வண்டி மாதிரியே இல்ல? வீட்டை இடிச்சு அடுக்குமாடி கட்டப்போறாங்களாம். அந்தம்மாவுக்கு வண்டியை நிறுத்த இடமில்லை. நல்ல கையிலே போனாப் போதும்ங்கறாங்க. உங்களுக்கு வேணுமா?" என்று கேட்டிருந்தான். வேணுமா என்று கேட்பது சுலபம். ரயில் பாதைக் கணக்கில் சென்னையிலிருந்தே 1,660 கிலோமீட்டர் தள்ளி நிற்கிற, அறுபது வயதை எட்டிக்கொண்டிருக்கிற ஒரு யந்திரத்தை, தொட்டுப் பாராமல், ஓட்டிப் பாராமல், வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பது சுலபமாக இல்லை.

இதிலுள்ள வேடிக்கை என்னவென்றால், அந்தக் கார் கல்கத்தாவில் பிறந்ததல்ல. நம் பக்கத்தில் பிறந்து அங்கே வாழ்க்கைப்பட்டது. ஹெரால்டு 1959ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டிரையம்ப் என்ற பெயரோடு வெளிவந்த கார். அதற்கு உருவம் அமைத்தவர் ஜியோவன்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961இல் சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி, வண்டலூர் பெருங்களத்தூர் பக்கத்துத் தன் தொழிற்சாலையிலிருந்து அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று வெளியிட ஆரம்பித்தது. அந்நாளில் இந்தியாவில் சாமானிய மனிதன் கனவு காணக்கூடிய கார்கள் மூன்றே வகை: கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் செய்த அம்பாசிடர், பம்பாய் குர்லாவில் செய்த ஃபியட், நம்முடைய ஹெரால்டு. முதலாவதன் எஞ்சின் 1,489 சி.சி., இரண்டாவதற்கு 1,089, ஹெரால்டுக்கோ வெறும் 948. ஆகவே அம்பாசிடர்க்காரர்கள் எங்களைப் பார்த்து இளக்காரமாகச் சிரிப்பதுண்டு. நாங்கள் பதிலுக்குச் சிரிக்கும் சந்தர்ப்பம் தெருமுனைகளில் வாய்க்கும். இருபத்தைந்தடி அகலம் கிடைத்தால் ஒரே மூச்சில் திரும்பிவிடுகிற வண்டி எங்களுடையது. மற்றக் கார்கள் திருவூடல் தெரு முனையில், முட்டுக்கட்டை போட்டுப் போட்டுத் திருப்பப்படும் பெரிய தேரைப்போல, முன்னும் பின்னும் நகர்ந்து அவஸ்தைப்படுகையில், அப்பா ஒரு கையால் ஸ்டீயரிங்கை வளைத்து, மறு கையால் தெரிந்தவர்களுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே திருப்பிவிடுவார்.

அப்பாவுக்குத் தேரடி வீதிக்குப் பின்னால் மணிலா மண்டி. வேர்க்கடலையை எங்கள் ஊரில் மணிலா என்றுதான் சொல்வோம். விளைச்சல் நன்றாயிருந்த ஒரு வருஷத்தில் அவருக்குக் கார் ஆசை வந்தது. புதுக் காருக்குப் பணம் கட்டிவிட்டுப் பல வருஷம் காத்திருக்கவேண்டிய காலம் அது; கல்யாணமானவுடன் ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு, மூத்த பிள்ளை பள்ளிக்கூடம் போகிற சமயத்தில் வண்டியைக் கண்ணால் கண்டவர்களும் உண்டு. அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. மயிலாப்பூரில் ஒரு டாக்டர் தம்முடைய ஹெரால்டை விற்கிறார் என்ற சமாசாரம் கமிஷன் மண்டிக்காரர் ஒருவர் மூலம் வந்தது. அப்போதும் இதே பிரச்சினைதான்: வண்டி அங்கே, நாம் இங்கே. அறுவடை சமயம், மண்டியை விட்டு அப்பா நகர முடியாது. "மேஸ்திரி, நீ போய்ப் பார்த்துட்டு வா. நீ சொன்னா வாங்கறேன்" என்று சொல்லி, பஸ் சார்ஜுக்குப் பணம் கொடுத்து மேஸ்திரியை அனுப்பிவைத்தார்.

மேஸ்திரியைப் பற்றிச் சற்றுச் சாவகாசமாகச் சொல்லவேண்டும். மவுண்ட் ரோட்டில் ஒரு கம்பெனிப் பட்டறையில் வேலை கற்றுவிட்டு, சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊரோடு வந்துவிட்ட மனிதர். பேகோபுரத் தெருப் பக்கம் ஒரு வேப்பமரத்தடியே அவருடைய தொழிற்சாலை. அதிகம் பேசமாட்டார். காரின் சொந்தக்காரரிடம் பேசுவதென்றால் இன்னும் குறைவு. மயிலாப்பூரிலும் அப்படித்தான் நடந்ததாம். டாக்டர் காபி கொடுத்து உபசரித்து, எஞ்சினின் மேன்மைகளைச் சாங்கோபாங்கமாக வர்ணித்தார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கொட்டகைப் பக்கம் போய் டிரைவரோடு பீடி பற்றவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, முன்சக்கரத்தின் பின்னால் கையை விட்டுத் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாராம். எஞ்சினை ஓட்டச் சொல்லக்கூட இல்லை. மறுநாள் காலையில் மண்டி வாசலில் வந்து நின்று, "வண்டி நல்லா கீது, வாங்கிடலாம் முதலாளி" என்றார். பெயின்ட் எப்படி, சீட்டு எப்படி என்று அப்பா அடுக்கிக்கொண்டே போனதற்கு, "அதெல்லாம் நான் பாக்கல. அந்த டிரைவர் தொண்ணூறாம் நம்பர் ஆயில் வுடறான்" என்று மட்டும் பதில் வந்தது.

அந்தப் பதிலின் தாத்பரியம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கிற்று. ஹெரால்டின் முன்சக்கரம் ஒவ்வொன்றும் ஓர் இரும்புத் தண்டில் நிற்கிறது. அந்தத் தண்டின் அடிப்பாகத்தில் மரை போட்டு, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி உட்காரவைத்திருப்பார்கள். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையிலேதான் தண்டு சுழலுகிறது. அதற்குத் தொண்ணூறாம் நம்பர் என்கிற கெட்டியான கியர் ஆயில்தான் ஆகாரம். அது கசிந்து மரையின் இடுக்கெல்லாம் பரவும். ஆனால் பார்ப்பதற்குக் கிரீஸ் போடுகிற இடம்போலவே இருப்பதால், நம் ஊர் வழக்கப்படி கிரீஸ் கன்னை வைத்து அழுத்திவிடுவார்கள். கிரீஸ் உள்ளே போகாது. வாயிலேயே இறுகிக் கொள்ளும். உள்ளே தண்ணீர் இறங்கி, துரு அரித்து, ஒருநாள் தண்டு மரைக்கு மேலே முறியும். சக்கரம் வண்டிக்கடியில் மடிந்துபோகும். ஊரில் வக்கீல் ஒருவருக்கும் ஹெரால்டு இருந்தது. தினந்தோறும் துடைத்து, மாதந்தவறாமல் சர்வீஸ் செய்து, எங்கள் வண்டியைவிட நூறு பங்கு பளபளப்பாக வைத்திருந்தார். ஒரு கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள், திண்டிவனத்திலிருந்து சம்பந்தி வீட்டாரை ஏற்றிக்கொண்டு வருகையில், கீழ்பென்னாத்தூருக்கு இப்பால் புளியமரங்களுக்கு நடுவே அந்த வண்டி முழங்காலிட்டு உட்கார்ந்துவிட்டது. நல்ல வேளை, மாட்டு வண்டிகளுக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் காயமில்லை. சம்பந்தியம்மாள் மட்டும் கீழே இறங்கியதும் மலையைப் பார்த்து விழுந்து கும்பிட்டுவிட்டு, மிச்ச வழிக்குப் பஸ் ஏறிவிட்டார். மேஸ்திரியும் நானும் போய்ப் பார்த்தோம். முறிந்த தண்டின் முனையைச் சுற்றி மஞ்சள் மஞ்சளாகப் புதுக் கிரீஸ். "பாவம், ரொம்ப ஆசையா வச்சிருந்தாரு" என்றார் மேஸ்திரி.

எங்கள் ஹெரால்டு எங்களுக்கு மட்டும் சொந்தமாக இருந்ததென்று சொல்லமுடியாது. அந்தத் தெருவில் கார் என்று இருந்தது அது ஒன்றுதான். நடுச்சாமத்தில் யாருக்காவது இடுப்பு வலி கண்டால், திண்ணையில் வந்து நின்று, "அண்ணே, வண்டி கொஞ்சம் வேணும்" என்பார்கள். ஏன், எதற்கு என்று அப்பா கேட்டதில்லை. சட்டையை மாட்டிக்கொண்டே சாவியை எடுப்பார். போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அந்த இருட்டுச் சாலையை நான் முதன்முதலில் பார்த்தது, பக்கத்து வீட்டுப் பெரியம்மாவின் தலையை மடியில் தாங்கிப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்குத் துணையாகப் போன ஓர் இரவில்தான். கல்யாணமென்றால் மாப்பிள்ளை அழைப்புக்கு எங்கள் வண்டி. முன்னால் கனகாம்பர மாலை, பின்னால் ஓடிவரும் பிள்ளைகள். பெட்ரோலுக்குப் பணம் கொடுப்பது மரியாதைக் குறைவு. மறுநாள் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வேட்டி துண்டு வரும். வாடகைக் கார்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தத் தாம்பாளமும் வருவது நின்றது. அதில் வருத்தப்பட எதுவுமில்லை. நடுச்சாமத்தில் இன்னொருவர் திண்ணையில் போய் நிற்பது அவ்வளவு சுகமான காரியமல்ல.

ஒவ்வொரு தடவை சென்னைக்குப் போகும்போதும் பெருங்களத்தூரில் அந்தத் தொழிற்சாலையைக் கடந்து போவோம். கூட வந்தால் மேஸ்திரி அந்த மதில் வரும்போது பீடியை அணைத்துவிடுவார். ஹெரால்டுக்குப் பின்னாளில் நான்கு கதவு வைத்தார்கள். இங்கிலாந்தில்கூட அப்படி ஒன்று கிடையாது. அதற்குப் பின் கெஸல் என்று ஒன்று வந்தது. 1985இல் ஸ்டாண்டர்டு 2000 என்று ஒரு பெரிய காரைக் கொண்டுவந்தார்கள், அது எடுபடவில்லை. சில வருஷங்களில் தொழிற்சாலையே மூடப்பட்டது. எங்கள் வண்டி அதற்கு முன்பே போய்விட்டது. அப்பா காலமான பிறகு, மண்டிக் கணக்கை நேர்செய்வதற்காக அதை விற்றோம். மேஸ்திரி அன்றைக்கு வரவில்லை. அவரும் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகள் யாரும் ஸ்பானரைத் தொடவில்லை.

ஆகவே கல்கத்தாவுக்கு அனுப்ப எனக்கு மேஸ்திரி கிடையாது. தம்பி மகனோ கம்ப்யூட்டரில் சூரன். கார்ப்ரேட்டருக்கும் ரேடியேட்டருக்கும் பேதம் தெரியாதவன். அவன் அனுப்பிய படங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படங்கள் எல்லாம் அழகாக இருந்தன. வக்கீலுடைய வண்டியும் படத்தில் அழகாகத்தான் இருந்திருக்கும். முன்பக்கம் முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, ஒரே மூடியாக முன்னோக்கித் திறந்து கொள்வது ஹெரால்டின் விசேஷம். அதைத் திறந்து எடு, முன்சக்கரத்தின் உள்பக்கத்தை எடு, பிறகு தரையில் படுத்து அடிச்சட்டத்தை எடு என்று எழுதினேன். ஹெரால்டுக்குத் தனியாக ஒரு சேஸிஸ் உண்டு. அதன் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கைகளில்தான் உடம்பு உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணீர் தேங்குகிற அந்த ஊரில், அந்தக் கைகள் உளுத்துப்போகாமல் இருப்பது அபூர்வம். ஒரு திருப்புளியால் ஒவ்வோரிடமாகக் குத்திப் பார்க்கச் சொன்னேன். பையன் வெள்ளைச் சட்டையோடு படுத்துக் குத்தியிருக்கிறான். "பின்னாடி இடது பக்கம் உள்ளே போயிருச்சு பெரியப்பா, நான் வேகமா குத்திட்டேனோ?" என்று பயந்துபோய்க் கேட்டான். ஓரிடத்தில்தானே போயிற்று என்று எனக்குச் சந்தோஷமாகிவிட்டது.

காகித விவகாரம் வேறு. அப்பா காலத்தில் ஒரு பட்டா மாற்றுவதைவிடக் கார் மாற்றுவது லகுவாக இருந்தது. இப்போது வேறு மாநில வண்டியென்றால் அங்குள்ள போக்குவரத்து அலுவலகத்தில் 28ஆம் நம்பர் படிவத்தில் என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று வாங்கவேண்டும். சேஸிஸ் நம்பரின்மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பிரதியையும் ஒட்டவேண்டும். பிறகு 29, 30 என்று பெயர் மாற்றத்துக்கான படிவங்கள். அப்புறம் இங்கே சாலை வரி, புது நம்பர். பதினைந்து வயது தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கினார்கள். இதற்கு மேல், 2021இல் வந்த ஒரு விதிப்படி, முதற்பதிவு செய்து ஐம்பது வருஷம் கடந்த, பெரிதாக உருமாற்றப்படாத வண்டியை 'விண்டேஜ்' என்றே பதிவு செய்துகொள்ளலாம். 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு வி.ஏ. என்ற எழுத்துகளோடு கூடிய தனி நம்பர். கேட்பதற்குப் பட்டம் கட்டினாற்போல இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டம் பெற்ற வண்டியை நித்தியப்படி உபயோகத்துக்குத் தெருவில் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கோ ஊர்வலத்துக்கோ பெட்ரோல் போடவோ பழுது பார்க்கவோ போய்வரலாம். காய்கறிக் கடைக்குப் போகமுடியாத காரை வைத்துக்கொண்டு திருவண்ணாமலையில் நான் என்ன செய்வது? சாதாரண நம்பரே போதுமென்று தீர்மானித்தேன். டில்லியில் பதினைந்து வருஷப் பெட்ரோல் வண்டிகளுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டு, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்திய பிறகு, அங்கிருந்து எத்தனையோ பழைய வண்டிகள் தெற்கே வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று மலிவாகக் கிடைக்குமே என்று சிநேகிதர் ஒருவர் யோசனை சொன்னார். மலிவு என்பதற்காகத்தான் நான் கார் தேடுகிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டது அவருடைய நல்ல மனசு.

கடைசியில், மேஸ்திரி செய்ததை இங்கிருந்தபடியே செய்வது என்று முடிவுக்கு வந்தேன். மோந்து பார்க்கத்தான் முடியாது, டிரைவரோடு பேசலாமல்லவா? சொந்தக்காரரான அந்த அம்மாள் வெகு மரியாதையாகக் கணவரின் காலத்து விருத்தாந்தங்களைச் சொன்னார். ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை நடத்தும் பழைய கார் ஊர்வலத்தில் அவர் கலந்துகொண்டதையெல்லாம் சொன்னார். நான் தலையாட்டினேன், தொலைபேசியில் தெரியாதென்றாலும். பிறகு டிரைவரைக் கூப்பிடச் சொன்னேன். பிகாரில் பிறந்து கல்கத்தாவில் கிழவராகிவிட்ட மனிதர். ஹிந்தி பிரசார சபையின் மத்தியமா பரீட்சை வரை சிறுவயதில் படித்த என் ஹிந்தி, இத்தனை வருஷத்துக்குப் பிறகு முதன்முதலாக ஒரு பிரயோஜனத்துக்கு வந்தது. வராத இடங்களில் தம்பி மகன் கைகொடுத்தான்.

முன்சக்கரத்துக்கு என்ன போடுகிறீர்கள், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை கிரீஸ் அடிப்பீர்கள் என்று, வேண்டுமென்றே கோணலாகக் கேட்டேன். எதிர்முனையில் சற்று நேரம் சப்தமில்லை. பிறகு கிழவர் கோபமாகவே பேசினார். கிரீஸ் அடித்தவர்களுடைய ஹெரால்டெல்லாம் மல்லிக் பஜாரில் துண்டு துண்டாகக் கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார். தாம் விடுவது கியர் ஆயில்தான். அதற்காகவே கிரீஸ் கன் ஒன்றைக் கழுவித் தனியாக வைத்திருப்பதாகவும், அதை வேறு யாரையும் தொடவிடுவதில்லை என்றும் சொன்னார். என் கண்ணில் வேப்பமரத்தடி தெரிந்தது. கிழவர் அதோடு நிறுத்தவில்லை. எஜமான் இறந்த பிறகு வண்டி வெளியே போகவில்லை; வாரம் ஒருநாள் ஸ்டார்ட் செய்து போர்ட்டிகோவுக்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்த்துகிறேன்; ஆனால் ஆயில் விட்டு இரண்டு மழைக்காலமாகிறது, முழங்கால் மடங்க மறுக்கிறது, கீழே படுத்தால் எழுந்திருக்கமுடியவில்லை; முதல் கியர் போடும்போது அலறும், வண்டி நின்ற பிறகுதான் போடவேண்டும், அது குறையல்ல, அந்த வண்டியின் சுபாவம் என்று ஒன்றையும் மறைக்காமல் ஒப்பித்தார். அந்த அம்மாள் விலை சொன்னபோது நான் வாதாடவில்லை. சேஸிஸின் பென்சில் பிரதியும் ஆர்.சி. புத்தகமும் ஒத்துப்போனதாகத் தம்பி மகன் படம் அனுப்பியதும் முன்பணத்தை அனுப்பிவிட்டேன். வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிற வீர சாகசம் எதுவும் கிடையாது, லாரியில்தான் வரும். அந்தக் கிரீஸ் கன்னையும் கூடவே வைத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கிழவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வீட்டில் இதைப் பிரஸ்தாபித்தபோது என் மனைவி முதலில் கேட்டது, "ஏங்க, கீழே படுத்து ஆயில் விடப்போறது யாரு? அந்த டிரைவர் முழங்காலும் உங்க முழங்காலும் ஒரே வயசுதானே?" என்பதுதான். பேரன் படுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டான். சாக்கு விரித்தால் போதாதாம், பாய் வேண்டுமாம். இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. அந்நாளில் பௌர்ணமி இரவில் மலை சுற்றுகிறவர்கள் எண்ணும்படியாக இருப்பார்கள். கிரிவலப் பாதையின் பதினாலு கிலோமீட்டரில் பாதி தூரம் விளக்கே இருக்காது. இப்போது லட்சக்கணக்கில் ஜனங்கள் வருகிறார்கள், வந்த வாகனங்களை நிறுத்த ஊரில் இடமில்லை. அப்பாவின் வண்டிக் கொட்டகையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி, டோக்கன் கொடுத்து, அவள் கைச்செலவுக்கு ஒரு வரும்படி பார்த்துவருகிறாள். அங்கே ஹெரால்டை நிறுத்தினால் அதற்கு யார் ஜவாப் சொல்வது என்று கேட்டாள். என்.ஓ.சி. வரட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றேன். அதற்கு அவள் உடனே சம்மதித்துவிட்டாள். சர்க்கார் காகிதம் எவ்வளவு வேகமாக நகர்ந்தாலும் கார்த்திகைக்குள் வந்து சேராது என்பது அவளுடைய கணக்கு. கொட்டகைக்கு வருஷத்தில் பெரிய வரும்படி தீபத்தன்றுதான்.